காற்று வரும் பக்கம்

அம்மா,

பள்ளிப் பாவாடையின் ஓரத்தில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருக்கிறது. தட்டிவிட மனம் வரவில்லை. அப்பா தூங்குகிறார். நான் எழுதுவதைப் பார்த்தால் திட்டுவார்.

நம் மாதா கோயிலில் புதுத் தரை போடுகிறார்கள். சாயங்காலம் உன் நினைவுப் பூசைக்குப் பெயர் கொடுக்கப் போனேன். பெஞ்சுகள் வெளியே கிடந்தன. பழைய தரையைப் பெயர்த்த இடத்தில், இடப்பக்கத் தூண்களுக்கு நடுவே, வாசலிலிருந்து பீடம்வரை ஒரு செங்கல் சுவரின் அடிப்பகுதி நீளமாக ஓடியது.

கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியாரிடம் கேட்டேன்.

"முந்தி இங்க சுவர் இருந்துச்சும்மா. அந்தப் பக்கம் மேல்சாதிக்காரவிய, இந்தப் பக்கம் உங்க ஆளுக. வெள்ளைக்காரச் சாமியார் கோயில் கட்டும்போதே அவிய கேட்டு வாங்குனாக. பொறவு இடிச்சாச்சு."

நேற்று மழை பெய்தது என்பதுபோலச் சொன்னார்.

இந்தக் கோயிலின் கூர்மையான வளைவுகளைக் காட்டி, "ரெண்டு கை கூப்புன மாதிரி இருக்கு பாரு" என்று சொன்னவள் நீ. நாம் எப்போதும் பக்க வாசல் வழியாகத்தான் போவோம், இடப்பக்கத்தில்தான் உட்காருவோம். தூண் மறைத்துப் பீடம் தெரியாது. கேட்டால் சிரிப்பாய்: "தூங்குனாலும் சாமியாருக்குத் தெரியாதுட்டி. அதோட இங்கதான் காத்து வரும்."

சுவர் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நாம்தான் அது நிற்பதுபோலச் சுற்றிப் போய்க்கொண்டிருந்திருக்கிறோம்.

"அம்மாவுக்குத் தெரியுமாப்பா?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"தெரியாமலா?" அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏட்டி, இதை யார்ட்டயும் பேசாத. அவிய பள்ளிக்கூடத்துலதான் நீ படிக்க. நாம இங்கதான் இருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை உன் பூசை. பெரிய வாசல் வழியாகப் போய் நடு வரிசையில் உட்காரப் போகிறேன். அப்பா பக்க வாசலிலேயே நின்றுவிடலாம். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இன்று கோயிலைவிட்டு வரும்போது நாம் உட்காரும் பக்கத்து ஜன்னல்களைத் தள்ளிப் பார்த்தேன். வண்ணக் கண்ணாடியைச் சுவரோடு சேர்த்துப் பூசியிருக்கிறார்கள். அவை திறப்பதற்கென்று செய்தவையே இல்லை. அங்கே காற்று வர வழியே கிடையாது, அம்மா.

ஆனால் எனக்கு அங்கே ஒருநாளும் வியர்த்ததில்லை. பூசை முடிகிறவரை உன் நீலச் சேலை முந்தானையால் எனக்கு விசிறிக்கொண்டே இருப்பாய். உன் கழுத்தெல்லாம் நனைந்திருக்கும்.

அந்த நீலச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதுதான் எனக்கு முக்காடு.