ப்ளீச்சிங் பவுடர் வாடை

இன்று காலை ஜோகுபாளையத்தில் எங்கள் சந்துச் சாக்கடை ஓரமாக ப்ளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன்மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

போன மழைக்கு, கும்டா ஊருக்கு மேலே அந்தச் சதுப்புக் காட்டில் நாம் இருவரும் தவளை எண்ணப் போயிருந்தோம். ஒவ்வோர் ஓடை மாறும்போதும் பூட்ஸை ப்ளீச் தண்ணீரில் கழுவவைப்பாய். ஓர் ஓடையின் நோய் அடுத்த ஓடைத் தவளைக்குத் தொற்றக் கூடாது. சரி. வாடை போகக் காயவும் வேண்டும். அதுவும் சரி. அடைமழையில் எங்கேயடி காயும்? சாயங்காலம் தவளைகள் கத்தத் தொடங்கியதும் உனக்குப் பொறுக்கவில்லை.

"ஈர பூட்ஸோட இறங்கினா அதுங்களுக்கு எரியும்டி. தோலாலயும் மூச்சு விடுது, பாவம்."

குதிகாலில் உடைந்த கொப்புளத்தோடு வெறுங்காலாக இறங்கிவிட்டாய். உன் தோல் என்ன எருமைத் தோலா? உன்னைப் பிடித்து இழுக்காமல், ரெக்கார்டரை நீட்டிக்கொண்டு கரையில் நின்றேன் நான். ஊர் திரும்பியதும் காய்ச்சல். "நோட்டை எழுதி முடிச்சிட்டு டாக்டர்கிட்ட போறேன்" என்றாய். அந்தப் புண் வழியாக ஏறிய எலிக்காய்ச்சல் உனக்காகக் காத்திருக்குமா?

நேற்று ஆபீஸில் நம் மேனேஜர் அந்தக் காட்டின் ரிப்போர்ட்டை நீட்டினார். அங்கே ரோடு வரப்போகிறது. 'தவளைகள்: இல்லை' என்று அச்சடித்திருந்தது. யாரோ மார்ச் வெயிலில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

"மழைல நாங்க எடுத்த கணக்கு எங்க சார்?"

"அதுல உங்க ஃப்ரெண்ட் ஸைன் இல்லியே மேடம். அவங்கதான் போய்ட்டாங்களே. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சு இதுல ஒரு ஸைன் போடுங்க."

செத்தவள் எண்ணியது செல்லாதாம்! ரெக்கார்டரை அவர் மேஜைமேல் வைத்துப் போட்டேன். மழை, தவளைக் கத்தல், நடுவே உன் குரல்: "நாப்பது தாண்டிடுச்சுடி, எழுதிக்கோ."

"சவுண்ட கம்மி பண்ணுங்க மேடம்" என்றார். குறைக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

இந்த வருட மழை தொடங்கிவிட்டது, வெள்ளிக்கிழமை மறுபடி அந்தக் காட்டுக்குப் போகிறேன். இந்தத் தடவை கணக்கில் என் கையெழுத்து இருக்கும். உன் பூட்ஸை உன் அம்மா எனக்குக் கொடுத்துவிட்டார். ஒரு சைஸ் பெரிது, காகிதம் திணித்திருக்கிறேன். என்னுடையதையும் எடுத்துப் போகிறேன். ஒரு ஜோடி காயும்வரை இன்னொன்று.

இவ்வளவுதானேடி. அன்று ஏன் நம் இருவரில் ஒருத்திக்கும் இது தோன்றவில்லை?