மை ஊறும் தாள்

அன்புள்ளவளுக்கு,

இங்கே இருவரும் நலம். உன் நலத்தையும், உன்னைப் பாடாய்ப் படுத்தும் அந்தத் தலைமை நர்ஸின் நலத்தையும் அறிய ஆவல். தாளைப் பார்த்து முகம் சுளிக்காதே. தடிப்பாக, சாம்பல் நிறத்தில், மை ஊறுகிற தாள்தான். இதில் எழுத ஒரு காரணம் இருக்கிறது.

லிஃப்ட் வேலை வழக்கம்போல ஏறி இறங்குகிறது. போன வாரம் ஒரு வங்கியில் லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்ட மேனேஜர் வெளியே வந்ததும் என்னைத்தான் திட்டினார். கதவைத் திறந்துவிட்டவன்தானே கண்ணில் படுவான். முதுகுவலி பரவாயில்லை. குளியலறைக் குழாயை மாற்றிவிட்டேன்.

நம் வாலு மூன்றாம் வகுப்புக்குப் போனதைப் போனில் சொன்னேன். அவள் பள்ளியில் இந்த ஆண்டு ஒரு புது ஏற்பாடு. மாதம் ஒரு சனிக்கிழமை, வீட்டுக்கு ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் பள்ளிக்காக உழைக்க வேண்டும். எனக்கு வாய்த்தது சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் உள்ள கொட்டகை. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பழைய தாள்களைக் கிழித்துத் தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். ஊறியதும் டீச்சர் மிக்ஸியில் கூழாக அரைப்பார். பிள்ளைகள் அதை வலைச் சட்டத்தில் பரப்பிக் காயவைத்துப் புதுத் தாள் செய்வார்கள்.

அங்கே கண்டிப்பான விதி ஒன்று உண்டு. தாளில் எழுதியிருப்பதைப் படிக்கக் கூடாது. ஒரு வீட்டுச் சங்கதி இன்னொரு வீட்டுக்குப் போய்விடக் கூடாதே. என்னைத்தான் உனக்குத் தெரியுமே, விதி என்றால் விதி. யாருடைய மார்க் ஷீட்டையோ எட்டிப் பார்த்த தையல்கார அம்மாவைக்கூட முறைத்துவிட்டேன்.

போன சனிக்கிழமை மூன்றாம் வகுப்பின் பெட்டி என் பங்குக்கு வந்தது. அதில் மடித்த தாள்கள் ஒரு கட்டு. ரப்பர் பேண்டைக் கழற்றி, பிரிக்காமலே நாலு நாலாகக் கிழித்துப் போட்டேன். தண்ணீரில் நீல மை பிரிந்தது. நல்ல தாள், சீக்கிரம் ஊறும் என்று நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

திங்கட்கிழமை உன் முகவரியைத் தேடி, உன் கடிதங்களைப் போட்டு வைக்கும் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். நீ வெளிநாடு போன இந்த மூன்று வருடத்தில் எழுதிய பதினோரு கடிதங்களில் ஒன்றுதான் இருந்தது.

வாலுவைக் கேட்டேன். கொஞ்சமும் அசரவில்லை. ஒரே விஷயம் நிறையத் தாளில் இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொண்டுவரச் சொன்னாராம் டீச்சர்.

“எல்லா லெட்டர்லயும் அம்மா அடுத்த வருஷம் வரேன்னுதானே எழுதியிருக்காங்க? ஒண்ணு போதாதாப்பா?” என்றாள்.

அவளை மட்டும் எப்படித் திட்டுவது? கொண்டுபோனது அவள், கிழித்தது நான். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் நன்றாகச் சாப்பிட்டாள், விளையாடினாள். முன்பெல்லாம் அம்மா எப்போது வருவாள் என்று நச்சரிப்பாள் அல்லவா? யோசித்துப் பார்த்தால், அவள் அதைக் கேட்டுப் பல மாதமாகிறது. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

வியாழக்கிழமை தாள்கள் காய்ந்தன. அவள் பங்குக்கு மூன்று கிடைத்தன. வெளிச்சத்தில் பிடித்துப் பார், நீலப் புள்ளிகள் தெரியும். உன் எழுத்துத்தான் என்கிறாள் அவள். வகுப்பில் எல்லாருடைய தாள்களும் ஒரே தொட்டியில்தான் கிடந்தன, ஆனாலும் நான் மறுத்துப் பேசவில்லை.

இரண்டு தாளை நுணுக்கி நுணுக்கி எழுதி நான் தீர்த்துவிட்டேன். மூன்றாவதை உனக்கென்று அவளே மடித்து உள்ளே வைத்திருக்கிறாள். பதிலை அதில்தான் எழுத வேண்டுமாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். இரவு வேலை முடிந்ததும் சாப்பிடாமல் படுக்காதே. பதிலில் நீ ஒரு தேதியை மட்டும் எழுதினாலும் போதும். ஏற்கெனவே எழுதியதை மட்டும் எழுதாதே, அது ஒன்று டப்பாவில் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்