முதல் குளிர்காலத்து உப்பு

ஒக்கலிபுரம், பெங்களூரு
15 டிசம்பர் 2024

மதிப்பிற்குரிய சம்பந்தி பாலகுமார் அவர்களுக்கு, வெங்கடராமனின் வணக்கம்.

இங்கு நானும் ஜகதாம்பாளும் நலம். அங்கு நீங்களும் மங்களம் அம்மாளும் நிறைமாதமாக இருக்கும் சௌம்யாவும் நலமென்று நம்புகிறேன். என் மகன் அஷ்வத்தின் நலத்தையும் இப்போதெல்லாம் உங்கள் மூலமாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போனில் பேச நேரம் ஒத்துவருவதில்லை. அதனால் இதை எழுதி, படம் எடுத்து அனுப்பும்படி ஜகதாம்பாளிடம் கொடுக்கிறேன்.

நேற்று குடும்பக் குழுவில் அஷ்வத் போட்ட படத்தைப் பார்த்தேன். பிட்ஸ்பர்க் வீட்டில் கார் இறங்கும் டிரைவ்வே முழுக்கப் பனி. நடுவில் நீங்கள், அவனுடைய நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் பனி வாரும் ஷவலுடன். கீழே "அப்பா கலக்கிட்டார்" என்று எழுதியிருந்தான். அப்பா என்றால் யார் என்று எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. நான் இங்கே தண்ணீர் லாரிக்காக வாசல் கேட்டருகில் நின்றுகொண்டிருந்தேன், எதையும் கலக்கவில்லை. போன மாதம் வரை உங்களை மாமா என்றுதானே கூப்பிட்டுக்கொண்டிருந்தான்?

முப்பத்து மூன்று வருடம் பொதுப்பணித் துறையில் சாலை போட்டவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். படத்தைப் பார்த்தால் ஆறடிக்கு ஓரடி ஏறுகிற சரிவு. நீங்கள் கீழிருந்து மேலே வாரிக்கொண்டு போகிறீர்கள். மேலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சிவாஜிநகரில் ஜவுளிக்கடை நடத்தியவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. தவறாக நினைக்க வேண்டாம்.

தங்கள் நலம் நாடும்,
ஆர். வெங்கடராமன்
எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் (ஓய்வு)


பிட்ஸ்பர்க்
22 டிசம்பர் 2024

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. என்னுடையது பில் புத்தகத்தில் பழகிய கையெழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடி மேலிருந்து வாரினேன். இடுப்பு வலி பாதியாகக் குறைந்துவிட்டது. "யார் சொல்லிக் குடுத்தா?" என்று மாப்பிள்ளை கேட்டார். "உங்கப்பாதான்" என்றேன். சிரித்தார்.

இங்கே பனி விழுந்த கையோடு வாரிவிட வேண்டும். கார் ஒருதரம் ஏறி மிதித்துவிட்டால் கல்லாகிவிடுகிறது. அப்புறம் ஷவல் வழுக்கிக்கொண்டு போகும், கூடவே நாமும் போவோம். காலை ஐந்தரைக்கு நானும் மாப்பிள்ளையும் இறங்கிவிடுகிறோம். அவர் இடது பக்கம், நான் வலது பக்கம். பேச்சு அதிகம் கிடையாது. முடித்துவிட்டு கராஜில் நின்றபடியே காபி குடிப்போம். சௌம்யாவுக்கு எந்த நேரமும் வலி எடுக்கலாம், கார் இறங்கியாக வேண்டுமே என்பதுதான் எங்கள் கவலை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பக்கத்து வீட்டு ஃபிராங்க்ளின் ஒரு மூட்டை உப்பு கொடுத்திருக்கிறார். தூவினால் பனிக்கட்டி இளகிவிடுமாம். ஆனால் இந்தக் கான்கிரீட் போன செப்டம்பரில்தான் புதிதாகப் போட்டது. அதன்மேல் உப்புப் போடலாமா? மாப்பிள்ளை, "நீங்களே பாத்துப் பண்ணுங்கப்பா" என்று விட்டுவிட்டார். இது உங்கள் தொழில். நீங்கள் சொன்னால்தான் மூட்டையைப் பிரிப்பேன்.

என்றும் அன்புடன்,
பாலகுமார்


ஒக்கலிபுரம்
26 டிசம்பர் 2024

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

காபி விவரம் படித்தேன். அஷ்வத் என்னோடு நின்று காபி குடித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று ஜகதாம்பாளிடம் கேட்டேன். "சும்னே இருங்க, ரொம்பத்தான் பண்றீங்க" என்றாள். நான் என்ன செய்துவிட்டேன்? கணக்கு வராத பிள்ளையை உட்காரவைத்துப் பத்தாவது தேற வைத்தேன். அப்போதெல்லாம் எங்களுக்குள் பேச்சு அதிகம் இல்லாததைக் குறை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். உங்களோடு பேசாமல் இருப்பது மட்டும் எப்படியோ ஒட்டுதல் ஆகிவிடுகிறது.

உப்பு விஷயம்: தாராளமாகப் போடுங்கள். யோசிக்க ஒன்றுமில்லை.

தங்கள்,
ஆர். வெங்கடராமன்
எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் (ஓய்வு)


பிட்ஸ்பர்க்
12 ஜனவரி 2025

அன்புள்ள சம்பந்திக்கு,

பேத்தி பிறந்த செய்தியைப் படத்தோடு அஷ்வத் அனுப்பியிருப்பார். அதிதி என்று பெயர். தாயும் சேயும் சௌக்கியம்.

எட்டாம் தேதி விடியும்போது வலி எடுத்தது. முழங்கால் அளவு பனி. நாங்கள் இருவரும் மளமளவென்று வாரி, நான் உப்பை அள்ளி வீசினேன். இருபது நிமிடத்தில் கார் பூப்போல இறங்கியது. ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். உப்புப் போடச் சொன்னது நீங்கள். அந்தப் புண்ணியம் உங்களுக்குத்தான்.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைப் பெற்றவர்கள் ஆறு மாதம், அதன்பின் பிள்ளையைப் பெற்றவர்கள் ஆறு மாதம் என்று பேசியிருக்கிறோமே. மே மாதம் உங்கள் முறை. வந்து குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

என்றும் அன்புடன்,
பாலகுமார்


ஒக்கலிபுரம்
19 ஜனவரி 2025

சம்பந்தி அவர்களுக்கு,

மகிழ்ச்சி. குழந்தை உங்கள் பக்கத்துச் சாடை என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

அஷ்வத் கடைசியாக அழுது நான் பார்த்தது அவனுக்கு ஒன்பது வயதில். அப்போதும் அவன் அம்மாவின் கையைத்தான் பிடித்துக்கொண்டான்.

உப்பு தொடர்ந்து போடுகிறீர்கள் அல்லவா?

ஆர். வெங்கடராமன்


பிட்ஸ்பர்க்
18 மார்ச் 2025

அன்புள்ள சம்பந்திக்கு,

மனம் சரியில்லாமல் எழுதுகிறேன். மாப்பிள்ளை கீழே விழுந்ததைப் போனில் கேட்டிருப்பீர்கள். எப்படி என்று அவர் சொல்லியிருக்க மாட்டார்.

பனி விட்டபிறகு டிரைவ்வேயைப் பார்க்கச் சகிக்கவில்லை. மேல்பூச்சு பொருக்குப் பொருக்காக உரிந்து, ஜல்லி பல்லை இளிக்கிறது. அந்தப் பள்ளங்களில் தேங்கிய தண்ணீர் போன வியாழக்கிழமை காலை உறைந்திருந்தது. ஆபீசுக்கு இறங்கியவர் வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. குழந்தையைத் தூக்க முடியவில்லை. தொட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

கான்கிரீட் போட்டவர் வந்து பார்த்தார். முதல் குளிர்காலத்தில் உப்பே காட்டக் கூடாதாம், மணல்தான் தூவ வேண்டுமாம். அவர் போனதும் மாப்பிள்ளை என்னைப் பிடித்துக்கொண்டார். "தெரியாத விஷயத்துல ஏங்க கை வெக்கறீங்க? எங்கப்பாவ ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதுமே! முப்பது வருஷம் ரோடு போட்டவரு, சொல்லியிருப்பாரே!" என்று கத்தினார்.

உங்கள் டிசம்பர் கடிதம் என் போனில்தான் இருந்தது. நான் காட்டவில்லை. என் இஷ்டத்துக்குப் போட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த நம்பிக்கையை நான் உடைத்து என்ன ஆகப்போகிறது?

பனி நாட்டுச் சங்கதி, உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே நினைத்துக்கொண்டிருக்க விடுங்கள். மாப்பிள்ளை மறுபடியும் என்னை மாமா என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார். பரவாயில்லை.

பாலகுமார்


ஒக்கலிபுரம்
31 மார்ச் 2025

அன்புள்ள பாலகுமார்,

எனக்குத் தெரியும். டிசம்பரிலேயே தெரியும். உங்கள் கேள்வி வந்த அன்று பழைய கான்கிரீட் புத்தகத்தை எடுத்து, குளிர்ப் பிரதேசத்துக்கான பக்கங்களைத் தேடிப் படித்தேன். புதுக் கான்கிரீட்டில் உப்பு கூடாது என்று தெளிவாகப் போட்டிருந்தது. படித்து மூடிவைத்துவிட்டுத்தான் "தாராளமாகப் போடுங்கள்" என்று எழுதினேன். கொஞ்சம் மேல்பூச்சு உரியும், உங்கள் பெயர் கெடும், மே மாதம் நான் வந்து சரிசெய்து நல்ல பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். என் பிள்ளை விழுவான் என்பது என் கணக்கில் இல்லை.

பொறாமைதான். வேறு பெயர் சொல்லி மழுப்ப எனக்கு இப்போது தெம்பில்லை. அவன் என்னைப் பற்றிக் கத்திச் சொன்ன அந்த வரியைப் பத்துத் தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். உங்களைத் திட்டினான் என்பதில்கூடப் பொறாமை வந்தது. என்னிடம் அவன் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. மரியாதையாக நான்கு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவான்.

நேற்று நானே அவனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டான். பிறகு, "அந்த மனுஷன் உங்களக் காட்டிக் குடுக்கவே இல்லயேப்பா" என்றான். அரை மணி நேரம் திட்டினான். கடைசியில், "மே மாசம் நீங்க வர வேணாம். இப்ப என்னால முடியாது. மாமாவும் அத்தையும் இருக்கட்டும்" என்று வைத்துவிட்டான். ஜகதாம்பாள் பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தாள். நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்கிறாள். இந்தக் கடிதத்தை நானே படம் எடுத்து அனுப்புகிறேன், கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இனி உப்பு வேண்டாம், மணல் போடுங்கள். பள்ளங்களை அடைக்கும் முறையைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அதில் பொய் எதுவும் இல்லை. சந்தேகமிருந்தால் அந்தக் கான்ட்ராக்டரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்த மாதம் அதிதி குப்புற விழுந்துவிடுவாள். அதைப் பார்க்கப்போவது நீங்கள்தான். இப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் செய்தியை நீங்கள் எனக்கு எழுத வேண்டாம், படமும் அனுப்ப வேண்டாம். அவனாகச் சொல்கிறானா என்று பார்க்கிறேன்.

வெங்கடராமன்