கட்டம் காலியாக வந்தால்

நவ. 4, திங்கள்
காலையிலிருந்து மூட்டம். ஒத்தக்கடையில் பழுதான மோட்டாருக்குக் காயில் கம்பி கட்டும் நம் கடை இன்றும் பூட்டுத்தான். மனைவி போனதிலிருந்து இப்படி.

காரியத்துக்கு வந்த மகள் கயல், பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள். கையில் இருக்கும் வேலை முடிகிறவரைதான் இங்கிருக்க அனுமதி. பல ஊர்க் கடைகளின் விற்பனை விவரத்தை ஒரே இடத்தில் சேர்க்கும் சாஃப்ட்வேர். அதில் புதிதாக ஒரு செட்டிங். அதை விளக்கி ஒரு பக்கம் எழுத வேண்டும்.

"உங்களுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்ப்பா."

பத்தாவது பாஸ், அதுவும் இரண்டாம் முயற்சியில். எனக்கு இப்படியொரு உத்தியோகம்.

நவ. 5, செவ்.
தூறல். பருப்பு அடிப்பிடித்தது. நல்லாயிருக்கு என்று இருவரும் சாப்பிட்டோம்.

தமிழில் சொல்லிக் காட்டினாள். வருகிற விவரத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் என்ன செய்ய? காலியாகவே விடலாம், பழைய எண்ணைப் போடலாம், எல்லாவற்றையும் நிறுத்தலாம். எதுவும் சொல்லாவிட்டால் அதுவே நிறுத்திவிடும்.

முதல் தடவையே புரிந்தது.

"புரியலையே தாயி" என்றேன்.

"எந்த எடம்ப்பா?"

"ஆரம்பத்துலருந்தே."

நவ. 6, புதன்
மின்கட்டணம் கட்டவில்லை. எண்ணெய் தீர்ந்தது.

திருத்தி எழுதினாள். 'கட்டம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'டப்பா' என்று மாற்றினாள். படம் போட்டாள். தலையைச் சொறிந்தேன். வாசலில் நின்ற எதிர்வீட்டு முருகேசன், "மாட்டுக்குச் சொல்லியிருந்தாக்கூட இம்புட்டு நேரத்துல தலையாட்டியிருக்கும்ணே" என்றான்.

கயல் சிரித்தாள். அம்மா போனபின் முதல் சிரிப்பு. இன்னும் கொஞ்ச நாள் முட்டாளாக இருக்கலாம்.

நவ. 7, வியா.
நல்ல வெயில். அவள் மேலதிகாரி போனில், பக்கம் இன்னும் வரவில்லையென்று. ஆங்கிலம் பாதி புரிந்தது, குரல் முழுக்கப் புரிந்தது. கயல் திரும்பத் திரும்ப 'ஸாரி'. முகம் கழுவி வந்து, "இன்னொருவாட்டி சொல்றேன்ப்பா" என்றாள்.

"வேணாம் தாயி. புரிஞ்சிருச்சு."

"எங்க, சொல்லுங்க."

சொன்னேன், ஒன்று விடாமல்.

என்னையே பார்த்தாள். "நேத்தே எல்லாத்தையும் டப்பான்னு மாத்திட்டேனே. செவ்வாக்கெழம சொன்ன கட்டத்தையே சொல்றீங்க?"

எண்ணெய் வாங்கணும் என்று பையை எடுத்தேன். சாயங்காலம் பக்கத்தை அனுப்பிவிட்டாள்.

நவ. 9, சனி
மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட். கயலுக்குக் காலை பெங்களூர் பஸ். பையை மேலே வைத்துவிட்டு, பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்தேன். பஸ் நகர்ந்துவிட்டது.

"அண்ணே, நீங்க எதுவரைக்கும்?" என்றார் கண்டக்டர்.

நான் எழுவதற்குள் கயல், "அப்பாவுக்குத் திண்டுக்கல் ஒண்ணு" என்று காசை நீட்டினாள்.

திண்டுக்கல்லில் நான் இறங்கும்போது "பாத்துப் போங்க" என்று அவள்தான் சொன்னாள்.