பத்துக் கித்தானுக்குள் அடங்கிய கருப்பட்டி

மதினி,

இன்று காலை துறைமுகச் சாலையில் யாரோ கித்தான் துணியில் தண்ணீர் இறங்காதபடி கீல் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டேன். நீங்கள் போய்ச் சேர்ந்த ஊருக்குத் தபால் கிடையாது என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

உலக யுத்த காலம். தேசங்களெல்லாம் என்னைக் கேட்காமலே சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கொழும்புக்குப் புறப்பட்ட அண்ணன், அந்தப் பருவத்துக் கருப்பட்டி முழுவதையும் தோணியில் ஏற்றிவிடும் பொறுப்பை என்னிடம் தந்தார். இதையும் கோட்டைவிட்டால் கடைப்பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கரையில் பனங்கட்டைகளைப் பரப்பி, கருப்பட்டி கட்டிய ஓலைச் சிப்பங்களை ஒரே வரிசையாக அடுக்கச் சொன்னேன். முப்பத்திரண்டு அடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம். சீனத்துப் பெருஞ்சுவர் பார்த்திருந்தால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கும்.

தோணி வரவில்லை, மேகம் வந்தது. அது கொட்டினால் கருப்பட்டி கரைந்து, கொழும்புவரை கடல் பானகமாகிவிடும் என்று கண்டேன். கையில் இருந்தவை எட்டடிக்கு நாலடிக் கித்தான்கள் பத்து. மேலே மூட நாலு, இரு நீளப் பக்கங்களுக்கும் நாலு நாலு, முனைகள் இரண்டுக்கும் ஒன்றை வெட்டிப் பாதிப் பாதி. ஆகப் பதிமூன்று. பட்டாளத்துக்குப் போனது போக ஊரில் ஒரு முழம் கித்தான் கிடையாது. மிஞ்சுகிற கருப்பட்டியைக் கடலரசனுக்குத் தானம் செய்வதென்று முடிவெடுத்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

தூக்குவாளியில் சோறு கொண்டுவந்த நீங்கள் என் பெருஞ்சுவரை ஒருமுறை சுற்றி வந்தீர்கள். பாதியைப் பிரித்து மீதிக்குப் பக்கத்தில் ஒட்டி அடுக்கச் சொன்னீர்கள். எட்டாம் வகுப்பை இரண்டு முறை கரைத்துக் குடித்தவன் நான், விடுவேனா? சிப்பம் ஒன்றுகூடக் குறையாதபோது கித்தான் மட்டும் எப்படிக் குறையும் என்று வாதாடினேன்.

"சிப்பத்தையா மூடப் போறிய கொழுந்தனாரே? வெளியே தெரியுத பக்கத்தைத்தான. ரெண்டு பேரு ஒட்டி நின்னா நடுவுல மழை எங்கன போவும்?"

சுமைக்காரர்கள் சிரித்த சிரிப்பில் இரண்டு அலைகள் பின்வாங்கின.

மாற்றி அடுக்கினோம். பதினாறடி நீளம், எட்டடி அகலம், அதே நாலடி உயரம். மேலே நாலு கித்தான், நீளப் பக்கங்களுக்கு இரண்டிரண்டு, குறுக்குப் பக்கங்களுக்கு ஒவ்வொன்று. சரியாகப் பத்து. ஓரங்களைக் கோணியூசியால் நீங்களே தைத்தீர்கள். கடைசித் தையலுக்கு நான் நூல் கோத்துத் தரும்போது முதல் துளி விழுந்தது. இரண்டு நாள் பெய்தது. ஒரு கருப்பட்டியும் கசியவில்லை. மூன்றாம் நாள் வந்த தோணியில் அத்தனையும் ஏறியது.

அண்ணன் திரும்பியதும், அந்த மழையில் சரக்கு எப்படித் தப்பியது என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்: "கொழுந்தனாருதான் கணக்குப் போட்டு அடுக்குனாவ. நான் ஊசி புடிச்சேன்."

முகத்தில் ஒரு சிரிப்பில்லை உங்களுக்கு. அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுநாள் கல்லாவில் உட்காரச் சொன்னார். என் கல்யாணம், பிள்ளைகள், இந்த வீடு எல்லாம் அந்த இடத்திலிருந்து வந்தவை.

நான் மறுக்கவில்லை, மதினி. அண்ணன் கண்மூடும்வரை அதை நம்பினார். வருடத்துக்கு வருடம் கதையில் மழையைக் கூட்டினேன், மேகத்தைக் கறுப்பாக்கினேன், உங்கள் பெயரை மட்டும் சேர்க்கவில்லை. எனக்குச் சொந்தமில்லாத அந்தக் கெட்டிக்காரப் பட்டத்தை இன்னும் சுமக்கிறேன்.

கணக்குப் போட்டது நீங்கள். இதோ எழுதிவிட்டேன். மாலையில் பேரப்பிள்ளைகள் வந்ததும் சத்தமாகப் படிக்கப்போகிறேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.