எழுபத்தொரு வயதுப் பாதசாரி

12 நவம்பர் 2024

கணிதப் பரீட்சை. பரவாயில்லை. ட்ராமுக்குக் காத்திருந்தபோது மழையில் நனைந்தேன். குடை பைக்குள் இருந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

நடந்ததை ஒருமுறை எழுதி வைக்கிறேன். தமிழில் எழுதினால் வகுப்பில் யார் எட்டிப் பார்த்தாலும் விளங்காது.

ஒக்டோபர் 28, காலை ஆறே முக்கால். என் அண்ணா நிலக்ஷன் கொம்பனி வானை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். இருபது வயது. மின்சார வேலை பழகி முடித்து இதுதான் முதல் வருடம். இருட்டு, மழை. போக வேண்டிய முகவரியைப் போனில் ஒரு தடவை பார்த்தான். நிமிர்ந்தபோது மஞ்சள் கோடு போட்ட பாதசாரிக் கடவையில் ஒரு பெண். அவருக்கு இடுப்பெலும்பும் வலது காலும் உடைந்தன. உயிர் இருக்கிறது.

போனைப் பார்த்ததை அண்ணாவே பொலிசுக்குச் சொன்னான். அப்பா கத்தினார்: "அவங்கள் கேட்டவங்களோ? நீயா ஏன் சொன்னனி?"

லைசென்சை எடுத்துவிட்டார்கள். காலையில் எங்கோ நடந்து போய் வருகிறான். பிறகு நாள் முழுக்க அறைக் கதவு சாத்தியபடி.

நான் அழவில்லை. அன்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். ருசியும் இல்லை, பசியும் இல்லை. கையில் இருந்தது, சாப்பிட்டேன்.

13 நவம்பர்

அப்பா: "வெளியில ஒருத்தரோடயும் இதைக் கதைக்கக் கூடாது." ஓம், சரி என்றேன். கதைக்க என்னிடம் எதுவும் இல்லை.

14 நவம்பர்

மீடியா பாடம். ஜிம்னாசியம் என்கிற எங்கள் மேல்நிலைப் பள்ளியில் நானாக விரும்பி எடுத்த ஒரே பாடம். படம் எடுக்கலாம், வானொலி நிகழ்ச்சி செய்யலாம் என்று நினைத்தேன். ரீச்சர் ஃபிறவ் விட்மர் தாள்களைக் கொடுத்தார். "ஒரே சம்பவம், மூன்று செய்திகள். யார் எதை எப்படிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்."

முதல் தாள், பொலிஸ் அறிக்கை: கடவையில் விபத்து, 71 வயதுப் பாதசாரி படுகாயம்.

மிச்சத்தை வாசிக்க முதலே தெருவின் பெயரைக் கண்டுவிட்டேன்.

இரண்டாவதில் "20 வயது இலங்கையர்". அண்ணா பாசலில் பிறந்தவன். மூன்றாவது ட்ராமில் கிடக்கும் இலவசப் பேப்பர்: "வேக வெறியனா?" கேள்விக்குறி போட்டால் எதையும் எழுதலாம் போல. வான் முப்பத்தெட்டில்தான் போனது. ஐம்பது வரை போகலாம். கீழே வாசகர் கருத்துகள், அறுபத்துமூன்று.

அண்ணாவின் பெயர் எங்கும் இல்லை. ரீச்சருக்கும் தெரியாது, ஒருவருக்கும் தெரியாது.

யோனாஸ் சொன்னான்: "இப்படி ஆட்களுக்கு இனி லைசென்சே கொடுக்கக் கூடாது." லேனா திருப்பிக் கேட்டாள்: "அவன் எந்த நாடு என்பது எதற்கு? சுவிஸ்காரன் மோதினால் எழுதுவார்களா?" இருவர் பக்கமும் ஆட்கள் சேர்ந்தார்கள். நான் மஞ்சள் பேனையால் பெயரடைகளுக்குக் கோடு போட்டேன். நேரான கோடுகள். எப்படிப் போட்டேன்?

வேறு செய்தி தாருங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

20 நவம்பர்

அறுபத்துமூன்று கருத்துகளையும் வகை பிரித்தேன். 'திருப்பி அனுப்பு' — பத்தொன்பது. எங்கே அனுப்புவார்கள்? எங்கள் வீடு அந்தக் கடவையிலிருந்து நான்கு ட்ராம் தரிப்பிடம்.

5 டிசம்பர்

அந்த மூன்று செய்திகள் பற்றி எழுதிய கட்டுரை திரும்பி வந்தது. நான்கு பக்கம். ஆறுக்கு ஐந்தரை, வகுப்பில் அதுதான் ஆகக் கூட. ஓரத்தில் ரீச்சர் எழுதியிருந்தார்: "வியக்க வைக்கும் நிதானம். விஷயத்திலிருந்து சரியான தூரத்தில் நிற்கிறாய்."

அம்மாவுக்குக் காட்டினேன். என்ன பற்றி எழுதினது என்று கேட்டார். "பேப்பர்கள் பற்றி" என்றேன். கெட்டிக்காரி என்றார்.

12 டிசம்பர்

எல்லோருக்கும் அடுத்த வேலை: செய்திகளுக்குப் போட்ட அதே அட்டவணையில் சொந்தக் கட்டுரையையும் போட வேண்டும். யாரைப் பற்றி எத்தனை தடவை பேசியிருக்கிறோம்?

ஓட்டுநர் — நாற்பத்தொன்று. பத்திரிகைகள் — முப்பத்திரண்டு. வாசகர்கள் — பதினெட்டு. அந்தப் பெண் — ஒன்று. அதுவும் பொலிஸ் அறிக்கையின் தலைப்பை எடுத்து எழுதியபோது வந்தது.

இரண்டாம் தரமும் எண்ணினேன். ஒன்றுதான்.

நாற்பத்தைந்து நாள். அவர் எழும்பி இருக்கிறாரா, தனியாக இருக்கிறாரா — ஒருநாளாவது நினைத்தேனா? இல்லை. பேப்பர்காரர் மீது அவ்வளவு குற்றம் சொன்ன நான். எனக்கு என்ன நடந்தது? நான் என்ன மாதிரிப் பிள்ளை?

14 டிசம்பர்

கட்டுரையை அண்ணாவின் கட்டிலில் வைத்துவிட்டு நின்றேன். நான்கு பக்கமும் வாசித்தான். அட்டவணையையும் பார்த்தான்.

"எனக்கு அவவின்ர பேர் தெரியும்," என்றான். "பொலிஸ் கடுதாசியில இருக்கு. றூத் புறொட்பெக். விலாசமும் இருக்கு."

பிறகு: "மூண்டு தரம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனனான்."

"உள்ள போகேல்லையோ?"

"ஆர் நீ எண்டு கேட்டா என்னெண்டு சொல்லுறது, ரிஷானி?"

காலையில் நடந்து போனவன் அங்கேயும் போயிருக்கிறான்.

4 ஜனவரி 2025

றூத் புறொட்பெக்குக்குக் கடிதம். காப்புறுதிக்காரர் அந்தப் பெண்ணோடு தொடர்பு வைக்க வேண்டாம் என்று சொன்னதாக அப்பா நூறு தரம் சொல்லிவிட்டார். அப்பாவுக்குச் சொல்லவில்லை.

அண்ணா எழுதினான், நான் திருத்தினேன். முதல் கடிதம் "அன்று கடும் மழை" என்று தொடங்கியது. "மழையை எடு" என்றேன். அடுத்ததில் இருட்டு. "அதையும் எடு." கோபப்பட்டான். "அப்ப என்னதான் மிஞ்சும்?"

மிஞ்சியது ஆறு வசனம். இரண்டாவது: நான் போனைப் பார்த்தேன்.

17 ஜனவரி

பதில் இல்லை.

30 ஜனவரி

வந்தது. நீல மை, சரிந்த எழுத்து. திரும்ப நடக்கப் பழக்கும் றேஹா கிளினிக்கில் இருக்கிறாராம், கடிதத்தை அயலவர் கொண்டுபோய்க் கொடுத்தாராம். "ஞாயிறுகளில் இரண்டு மணிக்குப் பிறகு வரலாம். நான் அன்பாகப் பேசுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்."

9 பெப்ரவரி

போனோம். அண்ணாவும் நானும், ட்ராமில்.

சின்ன உருவம். குட்டையாக வெட்டிய வெள்ளை முடி. சக்கர நாற்காலி. கை கொடுத்தார், சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து "நீ யார்?" என்றார். தங்கச்சி என்றேன்.

"என் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை," என்று அண்ணாவிடம் சொன்னார். "இனி அங்கே போக முடியாது. முப்பத்தோரு வருடம் இருந்த வீடு. என் நாயை வேறு ஆட்களிடம் கொடுத்துவிட்டார்கள். பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன்."

"வேண்டாம்," என்றான் அண்ணா. "சொல்லாதீர்கள்."

"போனில் அப்படி என்ன இருந்தது?"

"வீட்டு இலக்கம். பதினேழா, பத்தொன்பதா என்று மறந்துவிட்டேன்."

அவர் தன் வலது காலைப் பார்த்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல், இந்தச் செய்தியைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம் என்று உளறிவிட்டேன். கருத்துகளையும் சொன்னேன்.

"நானும் வாசித்தேன்," என்றார். "அறுபது பேர் எனக்காகக் கோபப்பட்டார்கள். ஒருவராவது வந்து பார்த்தாரா?" பிறகு அண்ணாவிடம்: "எனக்கு இன்னும் உன்மேல் கோபம்தான். ஆனால் ஒருவரையும் காணாமல் கோபமாக இருப்பது களைப்பான வேலை."

வெளியே வந்து அண்ணா நடைபாதை ஓரத்தில் குந்திவிட்டான். அழுதான். நான் பக்கத்தில் நின்று அவன் தோளில் கை வைத்திருந்தேன். குளிர் காதைக் கடித்தது. கனநாளைக்குப் பிறகு குளிர்ந்தது எனக்கு.

10 பெப்ரவரி

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணாவே சொன்னான். பெரிய சண்டை. அம்மா வெங்காயத்தை வெட்டிக்கொண்டே நின்றார்.

11 பெப்ரவரி

அம்மா, என்னிடம் மட்டும்: "அவவுக்குப் பிள்ளையள் இருக்கோ?"

"இல்லையாம்."

"அப்ப ஆர் உடுப்புத் தோய்க்கினம்?"

எனக்குத் தெரியவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

16 பெப்ரவரி

இரண்டாம் தரமும் கிளினிக்குக்குப் போனோம். இடுப்பெலும்பு சரியாகப் பொருந்தவில்லையாம், வரும் செவ்வாய்க் கிழமைக்கு அடுத்த செவ்வாய் திரும்ப ஒப்பரேசன் செய்கிறார்கள். வயது எழுபத்தொன்று, இதயமும் பலவீனம் என்று சாதாரணமாகச் சொன்னார். அண்ணா எழும்பி ஜன்னலடிக்குப் போனான். உடுப்பு கிளினிக்கிலேயே தோய்க்கிறார்கள். அம்மாவிடம் இரண்டையும் சொன்னேன்; அப்பா ரீவியின் சத்தத்தைக் குறைத்தார்.

23 பெப்ரவரி

காலையில் அம்மா கூறைப்பட்டு மாதிரி ஒரு நல்ல சேலையோடு நின்றார். "அட்லிஸ்விலுக்குப் போவம். முருகனிட்ட." அப்பா காரின் திறப்பை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார்.

அர்ச்சனைத் தட்டோடு அம்மா முன்னுக்குப் போனார். நான் பின்னால். அர்ச்சனை அண்ணாவுக்காக என்றுதான் நினைத்தேன்.

ஐயர் பெயர் கேட்டார்.

"றூத்," என்றார் அம்மா.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

"தெரியாது ஐயா. செவ்வாய்க்கிழமை ஒப்பரேசன்."

"சரி. அவ என்ன முறை வேணும் உங்களுக்கு?"

அம்மா தட்டை மறுகைக்கு மாற்றினார். பின்னாலிருந்து அப்பாதான் சொன்னார்: "எங்கட ஆள்."

மந்திரத்தின் நடுவில் அந்தப் பெயர் வந்தது — கொஞ்சம் இழுத்து, றூத்து என்று. மணி அடித்தது. எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, விம்மி விம்மி அழுதேன், பக்கத்தில் நின்ற ஆக்கள் எல்லாம் திரும்பிப் பாத்தினம், நிப்பாட்டவே முடியேல்லை.