உன் பெயருக்கு வந்த அழைப்பு

உனக்கு எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடு. நீ இருந்தபோதே நான் நீளமாக எதையாவது எழுதி அனுப்பினால், "ஏண்டி, பத்திரம் எழுதுற மாதிரி எழுதுற? போன் போட்டுப் பேசு" என்பாய். இப்போது போன் போட வழியில்லை. உன் எண்ணை உன் அப்பா, உங்கள் வீட்டுப் பேச்சில் அத்தா, போன் கம்பெனிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். அழைத்தால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று யாரோ ஒரு பெண் சொல்கிறாள். அவளுக்குப் பதில் சொல்லப் பிடிக்காமல் இங்கே எழுதுகிறேன்.

இன்று காலை தோட்டத்தில் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் ரூம் ஜன்னலில் வைத்தால்தான் போனுக்கு சிக்னல் வரும். அது அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். ஓர் ஆண் குரல் உன் முழுப் பெயரை, அத்தாவின் முதலெழுத்தோடு சேர்த்துச் சொல்லி, "பேசுறது அவங்களா?" என்று கேட்டது. பழக்கதோஷம். "இருங்க சார், கூப்பிடுறேன்" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

அந்த இரண்டு நம்பர் ஏற்பாடு நீ செய்ததுதானே? நாகமலை புதுக்கோட்டை விடுதி அறையில் நாம் பயோடேட்டா தயாரித்தபோது, எழுமலையில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது என்று நான் கவலைப்பட்டேன். நீ வீட்டுக்குப் போனால் உன் போனோ பாதிப் பகல் அத்தாவின் சூட்கேஸ் கடையில், பெட்டிகளுக்கு நடுவே கிடக்கும். "என்னோடதுல ரெண்டாவது நம்பர் நீ. உன்னோடதுல ரெண்டாவது நம்பர் நான். ஒருத்தி எடுக்கலைன்னா இன்னொருத்தி எடுப்பா. வந்த வேலை திரும்பிப் போகக் கூடாது" என்றாய். வேலைவாய்ப்புத் தளத்தில் நாம் ஏற்றிய உன் பயோடேட்டா இன்னும் அப்படியே இருக்கிறது. முதல் எண் கிடைக்காமல் அவர் இரண்டாவது எண்ணுக்கு வந்திருக்கிறார்.

"அவங்க இல்ல சார்" என்றேன்.

"எப்பக் கூப்பிட்டாக் கிடைப்பாங்க?"

"இறந்துட்டாங்க சார். மழைக்காலத்துல. டெங்கு."

நீ இறந்துவிட்டாய் என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"அடப் பாவமே. சின்னப் பொண்ணாச்சேம்மா" என்றார். பிறகு, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"ஃப்ரெண்டு சார்."

"மனசத் தேத்திக்கங்கம்மா."

எங்கள் பக்கம் சாவு விழுந்தால் துட்டி கேட்க வருவார்கள். அண்ணன் தம்பியிடம் கேட்பார்கள், மாமன் மச்சானிடம் கேட்பார்கள், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியிடம்கூட வந்து கையைத் தொட்டுவிட்டுப் போவார்கள். தோழியிடம் துட்டி கேட்கும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை போலிருக்கிறது. நீ போன பிறகு என்னிடம் வந்து ஆறுதல் சொன்ன முதல் ஆள், முகம் தெரியாத, வேலைக்கு ஆள் தேடுகிற ஒரு மனிதர். நான் அழுதேன். அவர் போனை வைக்காமல் காத்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் அவர் என்னைப் பற்றிக் கேட்டார். உன்னோடு படித்ததைச் சொன்னேன், இன்னும் வேலை தேடுவதையும் சொன்னேன். "தப்பா எடுத்துக்காதீங்க. இந்த எடம் காலியாத்தான் இருக்கு. உங்க பயோடேட்டாவச் சாயங்காலத்துக்குள்ள அனுப்புனா நாளைக்கே நேர்ல பேசலாம். இஷ்டம் இல்லைன்னா ஒரு மெசேஜ் போட்டுருங்க, வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்றார். கப்பலூர்ப் பக்கம் பம்ப் உதிரிபாகம் விற்கிற நிறுவனம். போனில் ஆர்டர் எடுத்து, சரக்கு போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுச் சொல்கிற வேலை. நாள் முழுக்கப் பேச்சுதான். உனக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை.

இப்போது மத்தியானம். பயோடேட்டா போனில் தயாராக இருக்கிறது. அனுப்பவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

காலையில் நான் போனை வைத்ததுமே அம்மா வரப்பில் நின்றபடியே விசாரித்தாள். "யாருடி போன்ல?"

"கம்பெனிலருந்தும்மா."

"எம்புட்டுக் குடுப்பானாம்?"

"கேக்கல."

"அதக்கூடக் கேக்காம என்னத்தடி படிச்ச?"

நீ கேட்டிருந்தால் அம்மாவோடு சேர்ந்துகொண்டு சிரித்திருப்பாய். முதல் வீடியோ இன்டர்வியூவில் நான் பண்ணியதற்கு அப்படித்தானே சிரித்தாய்? நம் அறையில் கொடிக்கயிறு தெரியாத சுவரே கிடையாது. அதனால் நீ கட்டில்மேல் ஏறி, எனக்குப் பின்னால் வெள்ளைப் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாய். திரையில் அந்த அதிகாரியின் முகம் வந்ததும் நான் விருட்டென்று எழுந்து நின்று, "குட் மார்னிங் சார்" என்றேன். வகுப்புக்குள் ஆசிரியர் வந்தால் எழுந்து நின்றே வளர்ந்த உடம்பு. அவருக்கு என் வயிறு மட்டும்தான் தெரிந்திருக்கும். பின்னால் போர்வை குலுங்கத் தொடங்கியது. "உக்காருங்க மேடம்" என்று அவர் சொல்லியும் நான், "பரவால்ல சார்" என்றேன்.

பிறகு உட்கார்ந்தேன். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். என் பெயர், அப்பா பெயர், உசிலம்பட்டி தாண்டி எழுமலை, விவசாயக் குடும்பம், மழை இருந்தால் சோளம், இல்லாவிட்டால் தரிசு, அக்காவைக் கட்டிக் கொடுத்திருக்கும் ஊர். அவர் அடுத்த கேள்விக்குப் போகவே இல்லை. நன்றி சொல்லிவிட்டுத் திரையை அணைத்தார்.

நீ போர்வையை மடித்துக்கொண்டே கேட்டாய். "உன்னையப் பத்திக் கேட்டா உங்க ஊரப் பத்தியே சொல்ற. அதுல நீ எங்கடி இருக்க?"

"எங்க ஊர்ல யாருன்னு கேட்டா அப்படித்தான் சொல்லுவோம்."

"அவரு உங்க ஊருக்குப் பொண்ணு பாக்கவா வந்தாரு?"

அன்றிலிருந்து தினமும் நீ அதிகாரி, நான் வேலை தேடி வந்தவள். டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே கரகரத்த குரலில், "உங்க பலவீனம் என்னம்மா?" என்பாய். கூச்சம் என்பேன். "உண்மைதான், ஆனா அதோட நிறுத்தாத. 'மொதல்ல கவனிப்பேன், அப்புறந்தான் பேசுவேன்'னு சேத்துச் சொல்லு. அதுவும் உண்மைதான?" என்பாய். பக்கத்தில் நின்ற ஒரு அண்ணன் ஒருநாள் குறுக்கிட்டார். "ஏம்மா, எம்புட்டு நேரமாக் கேள்வி கேக்குற! அந்தப் புள்ளைக்கு வேலை குடுக்கப் போறியா இல்லையா?" நீ அசரவில்லை. "பரிசீலிச்சுச் சொல்றோம்ணே" என்றாய். பஸ்ஸே சிரித்தது.

இணையத்தில் கிடைத்த அறிவுரைகளை எல்லாம் நீ படித்து, நமக்கு ஆகாததைக் கழித்துவிட்டு மீதியைச் சொல்வாய். பணம் கட்டச் சொன்னால் அது வேலையே இல்லை. தெரியாததைத் தெரியும் என்று எழுதாதே. ஒரே பயோடேட்டாவை ஊருக்கெல்லாம் அனுப்பாமல் அந்த வேலைக்குத் தகுந்ததை மேலே கொண்டுவா. கடைசியில் ஏதாவது கேட்க வேண்டுமா என்று அவர்கள் கேட்டால், ஒன்றும் இல்லை என்று தலையாட்டிவிட்டு வராதே. நான் ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

உங்கள் அத்தா கடைக்கு விற்பனைக்கு ஆள் எடுத்த நாள் நானும் அங்கே இருந்தேன். கணவரை இழந்த ஓர் அக்கா வந்திருந்தார். நீ உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். அத்தாவுக்குக் கோபம். "வேலை கேட்டு வந்தவங்களுக்கு எதுக்கு நாற்காலி? கஸ்டமரு நிக்கிறாங்க."

"நாளைக்கு நான் போற எடத்துல எனக்குப் போடணும்ல அத்தா?"

அத்தா கஸ்டமரைக் கவனிக்கத் திரும்பிக்கொண்டார். சம்பளத்தையும் கடை அடைக்கும் நேரத்தையும் அந்த அக்கா கேட்பதற்கு முன்னால் நீயே சொன்னாய். அவரை எடுத்துக்கொண்டீர்கள். அவருக்கு முன்பு வந்துபோன இன்னொரு பெண்ணுக்கு மறுநாள் நீ போன் செய்து, "இந்தத் தடவ முடியலக்கா, நீங்க வேற எடம் பாருங்க, காத்துக்கிட்டு இருக்காதீங்க" என்று சொன்னாய். எதற்காக மெனக்கெடுகிறாய் என்று கேட்டேன். "நமக்கு எத்தன பேரு 'சொல்லி அனுப்புறோம்'னாங்க? ஒருத்தனாவது சொன்னானா?" என்றாய். நீயும் காத்திருந்தாய் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அதுவரை, நான்தான் வேலை கிடைக்காதவள், நீ எனக்கு ஒத்தாசைக்கு இருப்பவள் என்றே நினைத்திருந்தேன்.

உனக்குக் காய்ச்சல் என்று தெரியும். இப்படி ஆகும் என்று தெரியாது. ஊருக்கு வந்திருந்த எனக்குச் செய்தி வந்து, உசிலம்பட்டியில் பஸ் மாறி, உங்கள் தெருவுக்குள் நான் நுழைந்தபோது அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். உன் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே பெண்களுக்கு நடுவே எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றேன். "யாரு இது?" என்று ஒருவர் கேட்டார். "கூடப் படிச்ச புள்ள" என்று இன்னொருவர் சொன்னார். உன் அம்மா மட்டும் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். அவரிடம் நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

விடுதியைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். இங்கே நான் காய் பறிக்கிறேன், போனைப் பார்க்கிறேன், மறுபடியும் காய் பறிக்கிறேன். "போனுக்குள்ளயே வேலை இருக்குங்கிறா, எடுக்க மாட்டேங்கிறா" என்று சின்னம்மா கேலி பேசுகிறாள். விண்ணப்பம் அனுப்புவதையே நிறுத்தி வெகுநாளாகிறது என்று அவளுக்குத் தெரியாது. அனுப்பும்போது இரண்டாவது நம்பர் என்கிற கட்டத்தில் கை நின்றுவிடுகிறது. அதை வெறுமையாக விட்டால் தளம் ஒன்றும் சொல்லாது. எனக்குத்தான் முடியவில்லை.

இன்றைக்குச் சாப்பிடும்போது அப்பா பேசிய ஒரு பேச்சுதான் என்னை எழுத உட்காரவைத்தது. எங்கள் கிணறு பங்குக் கிணறு. ஆளுக்கொரு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். இன்றைய முறை பெரியப்பாவுடையது. அவர் மதுரையில் கண் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறார். எங்கள் கத்தரி வாடிக் கிடக்கிறது.

"அவருதான் இல்லையே, மோட்டாரப் போட்டு விட வேண்டியதுதான?" என்றாள் அம்மா.

"அது அவரு மொறைத் தண்ணி. போன் போட்டு ஒரு வார்த்த கேக்காமத் தொறந்தா நல்லாவா இருக்கும்?"

"கேட்டா வேண்டாம்னா சொல்லப் போறாரு?"

"சொல்ல மாட்டாரு. அதுக்காகக் கேக்காம இருக்கிறதா?"

அப்பா கையைக் கழுவிவிட்டு என் போனை வாங்கி, மோட்டார் ரூம் ஜன்னலோரம் போய்ப் பெரியப்பாவிடம் கேட்டார். இப்போது வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உன்னிடமிருந்து எனக்கு மிச்சமாக இருப்பவை கொஞ்சம்தான். பேச ஆரம்பிக்கும்போது இப்போது நான் ஊரைச் சொல்வதில்லை, என்னைச் சொல்கிறேன். எழுந்து நிற்கும் உடம்பைப் பிடித்து உட்காரவைக்கப் பழகியிருக்கிறேன். கேள்வி புரியாவிட்டால் "இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்று கேட்க வருகிறது. உன்னைப் போலக் கலகலப்பாகப் பேச எனக்கு வராது. ஆர்டர் கொடுக்கிறவர் சொல்வதைக் கடைசிவரை கேட்டு, தப்பில்லாமல் எழுதிக்கொள்வேன். அந்த வேலையைக் கெடுக்க மாட்டேன்.

வெயில் சாய்கிறது. அவருக்குப் பதில் அனுப்ப வேண்டும். நான் யாரிடமும் எதையும் வாய்விட்டுக் கேட்டவள் இல்லை என்று உனக்குத் தெரியும். உன்னிடம்கூடக் கேட்டதில்லை. நான் கேட்பதற்கு முன்பே நீ கொடுத்துவிடுவாய். இதை மட்டும் அப்படி எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதனால் கேட்கிறேன்.

உனக்கு வந்த இந்த வேலைய எனக்குக் குடுத்துருடி.